பரண் பெட்டியை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கும் முன்

பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போதுதான் பரணில் இருக்கும் ட்ரங்க் பெட்டி கீழே இறங்குகிறது. உள்ளே தாத்தாவின் கடிதங்கள், டைரி, ரசீதுகள். பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று நல்ல மனதோடு நினைப்பவர்கள்கூட, அதற்கு முன் கொஞ்சம் சுத்தம் செய்துவிடுகிறார்கள். இழப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

பிரபலமானவரின் கடிதத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, மளிகைக் கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். 1950-களில் மயிலாப்பூரில் ஒரு குடும்பம் அரிசிக்கும் வாடகைக்கும் என்ன கொடுத்தது என்பதை வேறு எங்கே தேடுவது? கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் அதைக் கொண்டு சென்னையிலேயே நூலகம் அமைந்தது. இன்று தரமணியில் ஆய்வாளர்கள் அந்த நோட்டீஸ்களையும் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்.

உறையைக் கிழித்துப் போடுவதும் அப்படித்தான். பழைய கடிதங்கள் பலவற்றில் 'விக்கிரம வருஷம் மாசி 5' என்று மட்டும் இருக்கும். விக்கிரம வருஷம் 1880-இலும் வந்தது, 1940-இலும் வந்தது. எது என்று சொல்லக்கூடியது உறைமேல் இருக்கும் தபால் முத்திரைதான். முகவரியில் மவுண்ட் ரோடு என்றோ பழைய கதவு எண்ணோ இருந்தால் அதுவும் சரித்திரமே.

அப்புறம், வரிசை. கட்டைப் பிரித்து ஆள்வாரியாக, வருஷவாரியாக அடுக்காதீர்கள். வாடகை ரசீதோடு ஒரு கடிதம் சேர்த்துக் கட்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பிரித்துவிட்டால் அந்தத் தொடர்பு போய்விடும், திரும்ப யாராலும் சேர்க்க முடியாது. இருந்தபடியே ஒரு போட்டோ எடுத்து, எந்தக் கட்டு எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டால் போதும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒருமுறை சூடு வைத்து ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கெடாமல் உரிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். செல்லோ டேப்பும் கூடாது. சென்னையின் புழுக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நனைந்த காகிதத்தை மொட்டைமாடி வெயிலில் போடாமல் நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். போட்டோவின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில், லேசான அழுத்தம்.

எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் வாங்கமாட்டார்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் முக்கியமாக அரசுப் பதிவுகளுக்கானது. முதலில் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். கொடுக்கும்போது வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். யார் பார்க்கலாம், குடும்ப விஷயங்களை எத்தனை வருஷம் மூடிவைப்பது, அவர்களுக்கு வேண்டாததைத் திருப்பித் தருவார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தாத்தாவுக்கு வந்த கடிதம் உங்களுடையதாக இருந்தாலும், அதன் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது. அச்சிட அனுமதி தரும் உரிமை உங்களிடம் இருப்பதாக நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.