அபார்ட்மெண்ட் இன்சூரன்ஸ்: சங்கத்து பாலிசியில் என்ன வரும், நாம் தனியாக என்ன எடுக்கணும்?

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி மேல் வீட்டு பாத்ரூம் பைப் வெடித்து, எங்கள் படுக்கையறை சீலிங் வழியாகத் தண்ணீர் கொட்டியது. பிளைவுட் அலமாரி உப்பிப்போய்க் கதவே திறக்கவில்லை. "அசோசியேஷன்ல இன்சூரன்ஸ் இருக்கே" என்று நம்பி இருந்தோம். ஒரு ரூபாய் வரவில்லை. அதற்குப் பிறகு பாலிசித் தாள்களோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டதை, சென்னை அடுக்குமாடிக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: சங்கத்து பாலிசியின் ஷெட்யூலை வாங்குங்கள்

பொருளாளரிடம் கேட்டால் பிரீமியம் ரசீதைத்தான் அனுப்புவார். எந்தச் சொத்துக்கு, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு என்று பட்டியலிட்டிருக்கும் பக்கம்தான் ஷெட்யூல். "சார், ஷெட்யூல் பக்கம் வேணும்" என்று விடாமல் கேளுங்கள்.

படி 2: சொத்து விவரத்தை வரிவரியாகப் படியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மேலே எங்கள் குடியிருப்பின் பெயரும் முகவரியும் இருந்ததால் முழுக் கட்டடத்துக்கும் பாலிசி என்று நினைத்துவிட்டேன். கீழே சொத்து விவரத்தில் இருந்தது லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார் ரூம், படிக்கட்டு, காம்பவுண்டு சுவர். வீடுகள் இல்லவே இல்லை.

சில சங்கங்கள் வீடுகளையும் சேர்த்து முழுக் கட்டடத்துக்கும் எடுக்கின்றன. அப்படியானால் காப்பீட்டுத் தொகையை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு நாலைந்து லட்சம்தான் வருகிறது என்றால், பொதுக்குழுவில் எழுந்து கேட்க வேண்டிய விஷயம் அது. கட்டடத்துக்கு எடுத்திருந்தாலும் உங்கள் கட்டில், டிவி, துணிமணி அதில் வராது. லிஃப்டில் யாருக்காவது அடிபட்டால் தீ விபத்து பாலிசி உதவாது. அடிபட்டவருக்குச் சங்கம் தரவேண்டிய நஷ்டஈட்டை ஏற்கும் பொறுப்புக் காப்பீடு தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

படி 3: வீட்டுக்கடன் இருந்தால்

கடனோடு சேர்த்துக் கொடுத்தது ஆயுள் காப்பீடா, வீட்டுக் காப்பீடா என்று பாருங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் பாலிசியை வீட்டுக் காப்பீடு என்று பலர் நம்பியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் அது எதுவும் தராது.

படி 4: உங்கள் வீட்டுக்குத் தனி பாலிசி

என் தேர்வு பாரத் கிருஹ ரக்ஷா. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த இந்தப் பொதுத் திட்டம் 1 ஏப்ரல் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது எல்லாம் இதில் வரும்.

தொகையைச் சந்தை விலைக்குப் போடாதீர்கள். அந்த விலையில் சேர்ந்திருக்கும் யுடிஎஸ் நிலம், அதாவது மனையில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு, எரிவதும் இல்லை, இடிவதும் இல்லை. திரும்பக் கட்டும் செலவுதான் கணக்கு. கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) 850 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 21,25,000 ரூபாய். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் சூப்பர் பில்டப் ஏரியாவை (பொது இடங்களின் பங்கும் சேர்ந்தது) எடுக்காமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள். வீட்டுப் பொருட்களுக்கு இதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். இங்கே 4,25,000 ரூபாய். நகைக்குத் தனியாகச் சேர்க்கணும். சாதாரணத் திருட்டும் இதில் அடங்காது. வெள்ளம், தீ போன்ற பாதிப்பு நடந்த 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும் வரும்.

படி 5: பொருட்களைப் பதிவு செய்யுங்கள்

எக்ஸெல் பட்டியல் ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். இப்போது ஒவ்வொரு அலமாரியையும் திறந்து போனில் வீடியோ எடுத்து, கூகுள் டிரைவில் போட்டுவைக்கிறேன். பில்களையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் வைக்கிறேன். இதுவே போதும்.

பாதிப்பு வந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த பொருளைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் அலமாரியை மறுநாளே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். பாலிசி இருந்திருந்தாலும் காட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

பின்சேர்க்கை 1: மேல் வீட்டிலிருந்து மாதக்கணக்காக ஓதம் ஊறி பெயிண்ட் உரிகிறது, கிளெய்ம் செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முடியாது. குழாய் திடீரென வெடிப்பது வேறு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது வேறு. அதை மேல் வீட்டுக்காரரிடமும் சங்கத்திடமும் பேசித்தான் சரிசெய்யணும்.

பின்சேர்க்கை 2: வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

பின்சேர்க்கை 3: பேஸ்மெண்டில் கார் மூழ்கினால் வீட்டு பாலிசியும் வராது, சங்கத்து பாலிசியும் வராது. காரின் காம்ப்ரிஹென்சிவ் பாலிசிதான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடாதீர்கள். அதனால் இன்ஜின் கெட்டால் இன்ஜின் புரொடெக்ஷன் என்ற கூடுதல் காப்பைக் கார் பாலிசியில் சேர்க்காதவர்களுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.