நூலகத்துக்கு ஏஐ வாங்கும் முன்

நெல்லையில் ஓர் ஆய்வு மாணவி நூலகக் கணினியில் ‘திருநெல்வேலி’ என்று தேடுகிறார். கால்டுவெல் 1881-இல் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட வரலாறு அலமாரியில் இருந்தாலும் திரையில் வராமல் போகலாம். அதன் தலைப்பில் ஊர்ப்பெயர் ‘டின்னவெல்லி’. இரண்டும் ஒரே ஊர்தான் என்று ஏஐ சேர்த்துப் பார்த்துவிடும். அதனால்தான் நம் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அது வர வேண்டும் என்கிறேன்.

ஆனால் நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் திருத்தாமல் சாட்பாட் வாங்குவதுதான் பெரிய தவறு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவும் முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பதிவுகளை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். ஏஐ படிப்பதும் அதையேதான். பழைய ஆய்வேடுகளின் பிடிஎஃப்பிலும் இதே கதை: கண்ணுக்குத் தமிழ், நகலெடுத்து ஒட்டினால் குப்பை. ஸ்கேன் செய்த நூல்களில் வேறு சிக்கல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பெரும்பாலான நூல்களில் லை, னை எல்லாம் தும்பிக்கை வளைவோடு இருக்கும். படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுமாறும். தலைப்பில் ஓர் எழுத்து பிழையானாலும் தேடுபவருக்கு அந்தப் புத்தகம் இல்லாததுபோல் ஆகிவிடும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதைச் சரிபார்க்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பணம் ஒதுக்காமல் மொத்தத்தையும் மென்பொருளில் போடாதீர்கள்.

அடுத்தது மேற்கோள். எழுதப்படாத கட்டுரைக்கும் ஆசிரியர், இதழ், பக்க எண் என்று சாட்பாட் அச்சு அசலாகக் கொடுக்கும். இணையத்தில் தகவல் குறைவாக உள்ள வட்டார வரலாற்றில் ஆபத்து இன்னும் கூடுதல். ஆதிச்சநல்லூர் பற்றி அது தரும் நூற்பட்டியலை நூலகப் பட்டியலிலும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவிலும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்ற விவரம்? அதை வெளி நிறுவனத்தின் ஏஐக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரு மாணவர் எதை வாசிக்கிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம், எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் குழுவில் கவுண்டரில் உட்காரும் நூலகரையும் சேருங்கள். மாணவர்கள் எந்தச் சொல்லைத் தேடி ஏமாந்து வருகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். அவரிடம் இருபது கேள்விகள் எழுதி வாங்குங்கள். ‘பொருநை’ என்று கேட்டால் தாமிரபரணி பற்றிய நூல்கள் வருகின்றனவா என்று, பணம் கட்டும் முன்பே அவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.