மாத்திரை போட்ட பிறகு வண்டி ஓட்டலாமா: முடிவு செய்யும் முறை

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது குற்றம் என்று தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் மூக்கொழுகுகிறது என்று மருந்துக் கடையில் ‘ஒரு செட்’ வாங்கிப் போட்டுக்கொண்டு, அடுத்த அரை மணி நேரத்தில் பிள்ளையைப் பள்ளியில் விட ஸ்கூட்டரை எடுப்பவருக்கு, தாமும் அதே வகை ஆபத்தோடுதான் சாலையில் இறங்குகிறோம் என்ற எண்ணம் எழுவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தோ, கடையில் கேட்டு வாங்கியதோ, கஞ்சாவோ, எதுவாயினும் மூளையை மந்தப்படுத்தினால் கண் பார்த்ததற்கும் கை செயல்படுவதற்கும் இடையிலான நேரம் நீண்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமானால் வண்டி 8 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். குறுக்கே வந்தவர் பிழைப்பதும் பிழைக்காததும் பல நேரங்களில் அந்த எட்டு மீட்டரில்தான் இருக்கிறது.

முதலில் கைவிட வேண்டியது, ‘எனக்குத் தூக்கமே வரவில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்ற நம்பிக்கையை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒவ்வாமைத் தொல்லை உள்ள 40 பேருக்கு வெவ்வேறு நாட்களில் பழைய வகை ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமின், புதிய வகையான ஃபெக்சோபெனடின், மது, மருந்தில்லாத வெற்று மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்து, சாலையைப் போலவே அமைக்கப்பட்ட பயிற்சிக் கருவியில் ஓட்டச் சொன்னார்கள். டைஃபென்ஹைட்ரமின் எடுத்த நாளில்தான் ஓட்டம் எல்லாவற்றையும் விட மோசமாக இருந்தது. மது அருந்திய நாளில்கூட அவ்வளவு மோசமில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று அவர்களே சொன்னதை வைத்து அவர்கள் எவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை என்பதுதான். ஆகவே ஓட்டலாமா என்ற கேள்விக்கு விடையை உடல் சொல்லும் என்று காத்திருக்காமல், மருந்தின் பெயரிலிருந்தும் அதைப் போட்ட நேரத்திலிருந்தும் தேட வேண்டும்.

பெயரை எப்படி அறிவது

நம் ஊரில் முதல் தடை இங்கேயே வருகிறது. கடைக்காரர் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சிறிய மஞ்சள் மாத்திரை, ஒரு கேப்சூல் எனக் கத்தரித்து எடுத்து, சிறு காகித உறையில் போட்டு, மேலே ‘1-0-1’ என்று பேனாவால் எழுதித் தருகிறார். அட்டையில் பெயர் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. நம் கைக்கு வருவது வெள்ளித் தகட்டின் ஒரு மூலை மட்டும். எனவே வாங்கும்போதே முழு அட்டையைக் காட்டச் சொல்லி அதன் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. விற்கும் மருந்தின் பெயரைச் சொல்வது கடைக்காரரின் கடமை.

சளி, அலர்ஜி, அரிப்புக்குத் தரப்படும் மருந்துகளில் குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின் ஆகிய பெயர்களைக் கண்டால் அன்று வண்டிச் சாவியை எடுக்க வேண்டாம். செட்ரிசினும் லெவோசெட்ரிசினும் அவற்றை விட மென்மையானவை என்றாலும், சிலருக்கு நல்ல தூக்கத்தைத் தரும். ஃபெக்சோபெனடின், லோரட்டடின் ஆகியவை மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்வதால், ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டுப் பெறலாம். இருமல் டானிக்கில் தூக்கம் தரும் கோடீன் இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்து வலி, இடுப்பு வலிக்கு எழுதப்படும் டிரமடால், டிஸானிடின், பிரிகாபலின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம், சோல்பிடெம், ஒற்றைத் தலைவலி தடுப்புக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் ஆகியவை இன்னும் எச்சரிக்கையோடு அணுக வேண்டியவை. அட்டையின் இடது மேல் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ‘என்ஆர்எக்ஸ்’ (NRx) என்ற குறி இருந்தால், அது போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து என்று பொருள். அந்தக் குறி ஒன்றே வண்டியை நிறுத்திவைக்கப் போதுமான காரணம். பிரான்சில் 2005 முதல் மருந்துப் பெட்டியின் மீதே கார் படத்தோடு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று படிநிலை எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஓட்டுநர்கள் இத்தனை பேர் இருக்கும் நம் நாட்டில் அப்படி ஒரு படம் வராதது வருத்தத்துக்குரியது.

மருத்துவரிடம் என்ன கேட்பது

‘இதனால் ஏதாவது தொந்தரவு வருமா, டாக்டர்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். ‘நான் தினமும் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன், காலை ஆறு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும், இதைப் போட்டுக்கொண்டு ஓட்டலாமா, தூக்கம் வராத வேறு மருந்து உண்டா, இரவில் மட்டும் போட்டுக்கொண்டால் போதுமா?’ என்று வேலையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளையும், மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மயக்கம் தரும் இரண்டு பொருள்கள் சேர்ந்தால் விளைவு பல மடங்காகும்.

புதிய மருந்தின் முதல் வேளையை, மருத்துவர் அனுமதித்தால், மறுநாள் வண்டி ஓட்டத் தேவையில்லாத ஓர் இரவில் தொடங்குவது நல்லது. முதல் சில நாட்களும், அளவைக் கூட்டிய பிறகு வரும் சில நாட்களும் அதிக ஆபத்தானவை. இரவில் போட்டது காலையில் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். உடலில் உள்ள குளோர்பெனிரமின் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். டயசெபத்துக்கு ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை ஆகலாம். விரைவில் வெளியேறும் சோல்பிடெம்கூடப் பெண்களின் இரத்தத்தில் மறுநாள் காலையிலும் ஓட்டும் திறனைக் குறைக்கும் அளவுக்கு மிஞ்சியிருப்பதைக் கண்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் பெண்களுக்கான சாதாரண மாத்திரையின் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கியது. காபி குடிப்பதும் முகம் கழுவுவதும் கண்ணைத் திறந்து வைக்கலாமே தவிர, மருந்தை இரத்தத்திலிருந்து வெளியேற்றாது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துபவருக்கு வண்டி ஓட்டும்போதே வலிப்பு வரக்கூடும். நீண்ட நாள் மருந்தில் இருப்பவர் நிறுத்த வேண்டியது வண்டியைத்தான், அதுவும் மருத்துவர் சொல்லும் காலம் வரை.

தூக்கம் தராமலேயே ஆபத்தாகும் மருந்துகள்

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் இறங்கிவிடும்; வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று தொடங்கி, எந்தச் சாலையில் போகிறோம் என்பதே புரியாத குழப்பத்தில் முடியும். வெளியிலிருந்து பார்ப்பவர் அதைக் குடிபோதை என்றே நினைப்பார். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்படும் விதி நமக்கும் பொருந்தும்: புறப்படும் முன் சுகர் பார்க்க வேண்டும், 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே கிளம்ப வேண்டும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பார்க்க வேண்டும். வழியில் சுகர் இறங்கிவிட்டால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டு, சுகர் இயல்புக்கு வந்த பிறகும் 45 நிமிடம் பொறுத்தே மீண்டும் ஓட்ட வேண்டும், ஏனெனில் இரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகும் மூளை தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

கண் பரிசோதனைக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் பல மணி நேரம் வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். அன்று ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது பேருந்தில் போய் வாருங்கள்.

கஞ்சாவும் போதைக்காக எடுக்கும் மாத்திரையும்

கஞ்சா இழுத்தால் நிதானமாக ஓட்டலாம் என்ற பேச்சு இளைஞர்களிடையே உலவுகிறது. வேகம் சிலருக்குக் குறைவது உண்மை. ஆனால் வண்டியைத் தன் தடத்துக்குள் நேராக வைத்திருப்பதும், முன்னால் போகும் லாரியையும் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் சைக்கிளையும் ஒரே நேரத்தில் கவனிப்பதும்தான் கஞ்சாவால் முதலில் கெடும். புகைத்தால் இது பல மணி நேரம் நீடிக்கும்; உணவில் கலந்து உண்டால் மெதுவாக ஏறி இன்னும் நீண்ட நேரம் இருக்கும். தூக்கத்தை விரட்டும் ஊக்கப் பொருள்கள் வேறு விதமாக ஏமாற்றும்: வேகமும் துணிச்சலும் கூடும், மருந்து இறங்கியதும் அடக்கிவைத்த தூக்கம் மொத்தமாக வந்து விழும்.

ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டுமே காட்டும் என்பதால் தப்பிவிடலாம் என்று எண்ணுவோர் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதையும், வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருப்பதையும் ஒரே குற்றமாகவே வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இக்குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் 188-ஆவது பிரிவின்படி அதே தண்டனை உண்டு என்பதை, ஓட்டுநர் தடுமாறுவது தெரிந்தும் ‘போய்ட்டு வாப்பா, அவசர லோடு’ என்று அனுப்பும் வண்டி உரிமையாளர்கள் நினைவில் வைக்க வேண்டும். பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் உதவி கேட்கலாம்.

நண்பனே அந்த நிலையில் இருந்தால் விவாதம் செய்யாமல் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஏறி உட்காராதீர்கள். நீங்கள் வாடகை வண்டியிலோ இரவுப் பேருந்திலோ பயணியாக இருக்கும்போது, வண்டி தடம் விட்டு விலகி விலகித் திரும்புவதையும், வேகம் காரணமின்றி ஏறி இறங்குவதையும், முன்வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்து வெகுநேரம் கழித்தே பிரேக் விழுவதையும் கண்டால், ‘அண்ணே, அடுத்த டீக்கடையில் நிறுத்துங்கள், பாத்ரூம் போக வேண்டும்’ என்று சொல்லி முதலில் வண்டியை நிறுத்த வையுங்கள். நின்ற பிறகு பேசுவது எளிது. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-க்கும், எங்கும் 112-க்கும் அழைக்கலாம்.

விபத்து நேர்ந்துவிட்டால், என்ன மருந்து, எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதை 108 ஊழியரிடமும் அவசர சிகிச்சை மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். வழக்குக்குப் பயந்து மறைத்தால், மயக்க மருந்தும் வலி மருந்தும் கொடுக்கும் மருத்துவர் இருட்டில் முடிவெடுக்க நேரும். தலையில் அடிபட்டதால் வந்த மயக்கமா, மாத்திரையால் வந்ததா என்று பிரித்தறியவும் அவருக்கு அந்தத் தகவல் தேவை. நினைவிழந்தவர் பேச முடியாது என்பதால், கைபேசியில் எடுத்த அட்டையின் படத்தை வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். தினமும் மருந்து எடுப்பவர்கள் அதன் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.