ஃபின்மார்க்கில் குடியேறுபவர்களுக்கு: துருவமான் காட்டு விலங்கு இல்லை

ஒஸ்லோவில் இருக்கும் நம்மவர்களிடம் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க் எப்படி என்று கேட்டால் பனி, இருட்டு, கரடி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். நோர்வேயின் பெருநிலத்தில் பனிக்கரடி எங்குமே கிடையாது. அது கடலுக்கு அப்பால், ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிறது. மீன் பக்டரியிலோ முதியோர் இல்லத்திலோ வேலை கிடைத்து இங்கே வரும் தம்பி தங்கைகள் இப்படிப்பட்ட கதைகளை நம்பிக்கொண்டுதான் வந்து இறங்குகிறார்கள். அதில் ஒரு கதையை நம்பி எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்னொருவருக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பேப்பர் அலுவல்களை முதலில் முடித்துவிடுவோம். பொலிஸில் வதிவிட அட்டை, வரி அலுவலகத்தில் அடையாள இலக்கமும் வரி அட்டையும், பிறகு வங்கிக் கணக்கு, பேங்க்ஐடி என்ற மின் அடையாளம். வேலை தருபவர்கள் பெரும்பாலும் வழி காட்டுவார்கள். ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: உங்கள் முகவரியை மக்கள் பதிவேட்டில் உடனே பதியுங்கள். ஃபின்மார்க்கில் பதிந்திருப்பவருக்கு வருமான வரி தெற்கை விடக் குறைவு. மின்சாரத்துக்கான வரியும் இல்லை. நோர்வேயில் படிப்புக் கடன் எடுத்தவர் இங்கே தொடர்ந்து வசித்து வேலை செய்தால் அதில் ஒரு பகுதி ஆண்டுதோறும் தள்ளுபடியாகும். வேறொரு உரிமையும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

குளிருக்கு என்ன வாங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். கடற்கரையா உள்நாடா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்ற கணக்கு இங்கே சரிவராது. வெப்பமான கடல் நீரோட்டம் வந்து தொடுவதால் வர்டோ, ஹம்மர்ஃபெஸ்ட் போன்ற கரையோர ஊர்களின் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அவற்றுக்குத் தெற்கே, உள்நாட்டில் இருக்கும் கராஷோக்கில் 1886 ஜனவரி 1ஆம் தேதி மைனஸ் 51.4 பாகை பதிவானது. நோர்வேயின் சாதனைக் குளிர் இன்றும் அதுதான். கரையில் ஆளை வாட்டுவது காற்று. தடித்த ஜாக்கெட்டை விடக் காற்றுப் புகாத மேலாடை முக்கியம், உள்ளே கம்பளி. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் எழும்பாது. அதற்காக நாள் முழுக்கக் கும்மிருட்டும் இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் வானம் முழுவதும் நீலமாக வெளிச்சம் பரவும். வேலை இடைவேளையில் அந்த நேரம் பார்த்து வெளியே நடங்கள். விட்டமின் டி எடுங்கள், ஊருக்குப் போன் எடுங்கள். முதல் மார்கழியில் மனம் சோர்வது எல்லோருக்கும் வருவதுதான். எனக்கும் வந்தது. தைப்பொங்கலுக்குப் பானை வைக்கிறோம், ஆனால் கும்பிடச் சூரியன் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அடுத்தது கார். கார் இல்லாமல் இங்கே சீவிக்க முடியாது. ஆணி வைத்த டயர் அக்டோபர் 16இலிருந்து ஏப்ரல் 30 வரை போடலாம். மலைப்பாதைகளில் புயலடித்தால் பனி அகற்றும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள். தடுப்பில் காத்திருக்க நேரிடும், அதனால் காரில் போர்வையும் சாப்பாடும் வைத்திருங்கள். ஒளிரும் மேற்சட்டை சட்டப்படி காரில் இருக்க வேண்டும். சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெடியன் இலங்கையின் வன்னியில் வளர்ந்தவன். ஒக்டோபர் கடைசியில் ஒரு மாலை, லக்செல்வில் இருந்து கராஷோக் போகும் பாதையில் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். அரை இருட்டில் சாம்பல் நிறமாக ஏதோ குறுக்கே வந்தது. இடித்துவிட்டான். இறங்கிப் பார்த்தால் துருவமான், செத்துக் கிடந்தது. தெற்கில் ஹார்டங்கர்விடா மலைக்கு ஆண்டுதோறும் மான் வேட்டைக்குப் போகிறவர்களைப் பற்றி அவனுக்கு ஒஸ்லோ நண்பன் சொல்லியிருக்கிறான். அது உண்மைதான். ஹார்டங்கர்விடா, டோவ்ரே போன்ற தெற்கு மலைகளில் இருப்பவை காட்டு மான்கள். இங்கேயும் அப்படித்தான் என்று இவன் நினைத்துவிட்டான். காட்டில் அடிபட்ட மரையோ பன்றியோ கிடைத்தால் அயலுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

பின்னால் வந்த லொறிக்காரர் கார் இலக்கத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார். பொலிஸ் வந்தபோது இறைச்சி ஃப்ரீசரில், தலை குப்பைப் பையில். அந்தத் தலையின் இரண்டு காதிலும் கத்தியால் வெட்டிய அடையாளங்கள் இருந்தன. ஒரு காதின் நுனி சரிவாக அரிந்திருந்தது, கீழ் ஓரத்தில் சின்னதாக இரண்டு வெட்டு. அவன் அதைப் பார்த்திருக்கிறான், பழைய காயம் என்று நினைத்திருக்கிறான். நம்மூரில் மாட்டுக்குக் குறி சுடுகிறோமே, அதுதான் அது. குறிகள் எல்லாம் பதிவில் இருக்கின்றன. வெட்டின் வடிவத்தைப் பார்த்தவுடன் யாருடைய மான் என்று தெரிந்துவிட்டது. கராஷோக்கில் ஒரு குடும்பத்து மகளின் குறி.

இடித்தது குற்றமில்லை, விபத்து யாருக்கும் நடக்கும். அறிவிக்காமல் போனதும், அடுத்தவர் மானை எடுத்துப் போனதும்தான் குற்றம். பெரிய தொகை தண்டம் கட்டினான். காரின் சேதத்துக்குக் காப்புறுதியும் கைவிரித்துவிட்டது. இதையெல்லாம் உழைத்து ஈடுகட்டலாம். தண்டம் குற்றப் பதிவில் ஏறியதால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கும் காலம் நீண்டுவிட்டதே, அதுதான் அவனுக்குப் பெரிய அடி. அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவதற்கு நோர்வே கடவுச்சீட்டை எதிர்பார்த்து இருந்தவன். எனக்கு ஆத்திரம் அவன் மேல் இல்லை. கரடிக் கதை சொல்லத் தெரிந்த ஒருவருக்கும் இந்த ஒரு வசனத்தைச் சொல்லத் தோன்றவில்லையே: ஃபின்மார்க்கில் நீங்கள் காணும் ஒவ்வொரு துருவமானுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

இடித்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அபாய விளக்கைப் போடுங்கள், மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு முக்கோணத்தை வையுங்கள். 02800 என்ற இலக்கத்தில் பொலிஸைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்கள். மான் காயத்தோடு ஓடிவிட்டாலும் கூப்பிட வேண்டும், அது எங்கோ கிடந்து துடிக்கும். மானின் சொந்தக்காரருக்குரிய இழப்பீட்டை உங்கள் கட்டாய வாகனக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். உங்கள் காரின் சேதத்துக்குத் தனிக் காப்புறுதி வேண்டும், பழைய கார்தானே என்று அதை வெட்டிவிடாதீர்கள். இடிக்காமல் இருக்க ஒரு குறிப்பு: பாதையோரப் பனிக்கம்பில் கறுப்புக் குப்பைப் பை கட்டியிருந்தால், மான்கள் பக்கத்தில் நிற்கின்றன என்று மேய்ப்பவர்கள் தரும் எச்சரிக்கை அது. வேகத்தைக் குறையுங்கள். ஒன்று கடந்து போனால் பின்னால் இன்னும் வரும்.

இந்த நிலத்தைப் பார்த்து வெறும் காடு என்று நினைப்பது நம்மவர்கள் மட்டும் செய்யும் பிழை இல்லை, நோர்வே அரசே நெடுங்காலம் அப்படித்தான் நடத்தியது. இது சாமி என்ற பழங்குடி மக்களின் தாயகம். நோர்வே, சுவீடன், பின்லாந்து வடக்கிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் பரந்து கிடக்கும் நிலத்தை அவர்கள் சாப்மி என்கிறார்கள். 1902இல் வந்த சட்டத்தின் கீழ், நோர்வே மொழி பேச, வாசிக்க, எழுதத் தெரியாதவர் ஃபின்மார்க்கில் அரச காணி வாங்க முடியாது என்று விதி போட்டார்கள். விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சாமி மொழி பேச விடவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1979இல் அல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து சாமி இளைஞர்கள் ஒஸ்லோ நாடாளுமன்றத்துக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசு அணையைக் கட்டியே தீர்த்தது. ஆனால் அந்தப் போராட்டத்தின் பலனாக 1989இல் சாமி நாடாளுமன்றம் வந்தது, கராஷோக்கில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நடந்த கொடுமைகளுக்கு நோர்வே நாடாளுமன்றம் முறையாக மன்னிப்புக் கேட்டது 2024 நவம்பரில்தான்.

இங்கே பழைய வீடே இல்லையே, இவர்களுக்குச் சரித்திரம் கிடையாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. ஹொன்னிங்ஸ்வோக்கில் தேவாலயம் ஒன்றுதான் மிஞ்சியது. ஐம்பதாயிரம் பேர் அளவில் இடம்பெயர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் குகைகளிலும் மண் குடிசைகளிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தார்கள். வயதான அயலவர்கள் இதைச் சொல்லத் தொடங்கினால் அவசரப்படாமல் இருந்து கேளுங்கள். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று அவர்கள் பிறகு கேட்பார்கள். இடப்பெயர்வு என்றால் என்ன என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்காது.

சாமி என்றால் எல்லோரும் மான் மேய்ப்பவர்கள் என்றும் நினைக்காதீர்கள். மிகப் பெரும்பாலானவர்கள் மான் வைத்திருப்பதில்லை. கரையோரச் சாமிகள் தலைமுறை தலைமுறையாக மீன்பிடிகாரர். பக்டரியில் உங்களுக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுபவர் சாமியாக இருக்கலாம். அவருடைய தாத்தா அந்த மொழியை மறைத்தே வாழ்ந்திருக்கலாம். அவராகச் சொல்லும் வரை நோண்டாதீர்கள். மான் வைத்திருப்பவரிடம் எத்தனை மான் என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. வங்கியில் எவ்வளவு காசு என்று கேட்ட மாதிரிதான் அவர்களுக்குப் படும்.

முன்பு சொன்ன உரிமை இதுதான். 2005இல் வந்த ஃபின்மார்க் சட்டத்தால் இந்தப் பகுதியின் நிலத்தில் கிட்டத்தட்ட 96 வீதம் அரசிடமிருந்து இங்குள்ள மக்களுக்கான பொது அமைப்புக்கு மாறியது. சாமியோ நோர்வேஜியரோ தமிழரோ, இங்கே பதிந்து வசிப்பவருக்கு அந்த நிலத்தில் வேட்டை, ஆற்றுமீன், முல்தே என்ற சதுப்புநிலப் பழம் எல்லாவற்றிலும் வெளியாரை விடக் கூடிய உரிமை உண்டு. இத்தனை நாட்டுச் சட்டங்களைப் பார்த்தவர்கள் நாம், இப்படி ஒன்றில் நமக்கும் இடம் இருப்பது எனக்குப் பெருமை. அதற்காகத் தூண்டிலை எடுத்துக்கொண்டு உடனே ஓடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டையும் விதியும் உண்டு. டானா ஆற்றில் சால்மன் குறைந்துபோய் 2021இல் பிடிக்கத் தடை போட்டபோது ஆற்றங்கரைக் குடும்பங்களே வலையைச் சுருட்டி வைத்தன.

கோடையில் மான்கள் கரைப்பக்கம் வந்து நிற்கும்போது கன்றுகளுக்குக் காதுக்குறி வைப்பார்கள். வெயில் தாழ்ந்த இரவில்தான் வேலை, நள்ளிரவுச் சூரியன் இருப்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. வேலியடைத்த பட்டிக்குள் சின்னப் பிள்ளைகள் கூடக் கயிறு வீசித் தங்கள் தாய்மானின் கன்றைப் பிடிப்பதைப் பார்க்கலாம். தெரிந்த குடும்பம் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். ட்ரோன் வேண்டாம், நாயைக் கொண்டு போக வேண்டாம், படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். நீண்ட ரப்பர் சப்பாத்தும் தலைக்குக் கொசு வலையும் இல்லாமல் போனால் பத்து நிமிடம் கூட நிற்க முடியாது.