ஒப்பந்த மீறல்: எந்த வகை என்று முதலில் பாருங்கள்

மலேசியாவின் பந்திங் வட்டாரத் தோட்ட லயங்களிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறும் நம் குடும்பங்கள், சமையலறையை நீட்டிக் கட்டக் கட்டுமானக் குத்தகையாளரிடம் முன்பணம் கொடுக்குமுன், மீறல்களெல்லாம் ஒன்றல்ல என்பதை அறிந்திருக்க வேண்டும். சொன்ன சாயத்துக்குப் பதில் வேறு சாயம் பூசினால் பொதுவாக இழப்பீடு மட்டுமே கேட்கலாம். "இனி வேலைக்கு வரமாட்டேன்" என்று முழுமையாக மறுத்துவிட்டாலோ, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, கெடு நாள்வரை காத்திராமலே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்.

பலர் ஏமாறுவது தாமதத்தில்தான். தீபாவளிக்குள் முடிப்பதே முக்கிய நிபந்தனை என்று எழுதியிருந்தும், தை மாதம் முடிந்த வேலையை வாய்பேசாமல் ஏற்றுக்கொண்டால், அதே சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி தாமதத்துக்கான இழப்பீட்டு உரிமை போய்விடும். ஆகவே சாவியை வாங்கும்போதே, இழப்பீடு கோரப்போவதாக எழுதிக் கொடுத்து, நகலில் குத்தகையாளரின் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் வழக்குத் தொடுக்க, மீறல் நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு.