பெற்றோருக்கு ஏற்ற முதியோர் குடியிருப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அம்மாவையோ அப்பாவையோ முதியோர் குடியிருப்பில் சேர்க்க முடிவெடுக்கும் குடும்பங்களில் பல, இன்று நல்ல நடமாட்டத்தோடு இருக்கும் பெரியவரை மனத்தில் வைத்தே இடம் தேடுகின்றன. கோவையின் புறநகர்களில் பெருகியிருக்கும் இத்தகைய குடியிருப்புகளுக்குப் போனால் தோட்டம், கோயில், நூலகம், நடைபாதை எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அவர் நாளை விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாலோ, சாப்பிட்டதையே மறக்கத் தொடங்கினாலோ அதே இடம் அவரை வைத்துக்கொள்ளுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இடம் தேடுவதற்கு முன் பெரியவரின் நிலையைச் சரியாக அறிந்துகொள்ளுங்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போதல், கட்டிலிலிருந்து எழுதல், தானே சாப்பிடுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல் ஆகிய ஆறில் எவற்றுக்குப் பிறர் துணை தேவைப்படுகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். முதியோர் நல மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களுள் இதுவும் ஒன்று. சென்னையில் இருப்பவர்கள் 2024இல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையில் இதற்கான ஆலோசனையைப் பெறலாம். ஆறிலும் துணை வேண்டாதவருக்குத் தனி வீடும் பொது உணவுக்கூடமும் உள்ள ஓய்வுக்காலக் குடியிருப்பு போதும். இரண்டு மூன்றில் துணை தேவைப்பட்டால், உதவியாளர்கள் உடனிருக்கும் பராமரிப்பு இல்லம் வேண்டும். மறதி நோய் உள்ளவருக்கு, அதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர்களும் வழிதவறி வெளியே போய்விடாத பாதுகாப்பும் உள்ள பிரிவு அவசியம். வாயிலில் காவலாளி இருக்கிறார் என்று சொல்வதை இதற்கு ஈடாக ஏற்காதீர்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது, முதல் முறை அவர்கள் சொல்லும் நேரத்தில் போனாலும், இரண்டாவது முறை இரவு உணவு நேரத்தில் போக அனுமதி கேளுங்கள். அங்கேயே சாப்பிடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் கை நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா, தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத் தாள் சொல்லாததை இவை சொல்லிவிடும். குளியலறையில் சற்று அதிக நேரம் செலவிடுங்கள். கதவு உட்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே அதை அடைத்துக்கொள்ளும். அழைப்பு மணி சுவரில் உயரமாக இருந்தால், தரையில் கிடப்பவருக்கு அதனால் பயனில்லை. மணியின் கயிறு தரைவரை தொங்க வேண்டும். கைப்பிடியை அழுத்திப் பிடித்து, உடல் எடையைத் தாங்குகிறதா என்று சோதியுங்கள்.

'24 மணி நேர மருத்துவ வசதி' என்ற சொற்களுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பொருள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்கள், விழித்திருக்கும் செவிலியர் உண்டா, மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனைக்குப் போகும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் மருத்துவமனையின் அனுமதிப் படிவத்தில் யார் கையெழுத்திடுவார் என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வீட்டை விலைக்கு வாங்குகிறீர்களா, டெபாசிட் கொடுத்துக் குத்தகைக்கு எடுக்கிறீர்களா, மாத வாடகைக்குப் போகிறீர்களா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கட்டி முடியாத வீடானால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்தத் திட்டம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதியோர் இல்லமானால், சமூக நலத்துறையில் பதிவு உண்டா என்று விசாரியுங்கள். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு உயரும், உரிமையாளர் காலமானபின் வாரிசு அந்த வீட்டில் குடியிருக்கலாமா அல்லது விற்க மட்டுமே முடியுமா, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், எந்த உடல்நிலையில் வெளியேறச் சொல்வார்கள் ஆகிய நான்கு செய்திகளும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்திட வேண்டாம். இவற்றுள் கடைசியைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள்.

சொந்த வீட்டைப் பிள்ளை பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதிவிட்டு இல்லத்துக்குப் போக நினைக்கும் பெரியவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கோரித் தீர்ப்பாயத்தை அணுகலாம். இது குறித்த வழிகாட்டுதலுக்கு மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

எல்லாம் பொருந்தி வந்தாலும் முழுத் தொகையையும் உடனே கட்டிவிடாமல், விருந்தினர் அறையில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கக் கேளுங்கள். நல்ல இடங்கள் இதற்குத் தயங்குவதில்லை. அந்த மாதம் முடிந்தபின் பிள்ளைகள் கூடிப் பேசுவதற்கு முன்பாக, அங்கே யாரோடு பேசிக்கொண்டிருந்தார், எந்த வேளை உணவு பிடிக்கவில்லை, இரவில் கூப்பிட்டபோது யார் வந்தார்கள் என்று பெரியவரிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.