பழைய ஆக்டேவியா ஆர்எஸ்: செகண்ட்ஹேண்ட் இசியு-வை வீட்டில் புரோகிராம் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காருக்கு இன்று இருபது வயதாகிறது. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் இன்னும் ஆசையாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இசியு (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) போய்விட்டால் புதியது வாங்க யாருக்கும் மனம் வருவதில்லை. சென்னை புதுப்பேட்டையிலோ திருச்சியிலோ பழையது ஒன்றைப் பிடித்து, லேப்டாப்பும் கேபிளும் வைத்து வீட்டிலேயே புரோகிராம் ஏற்றிவிடலாம் என்று இறங்குகிறார்கள். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் டெல்டாவில் இசியு-வைக் கொல்வது பெரும்பாலும் தவறான ஃபைல் அல்ல, தண்ணீரும் கரண்டும்தான். 'ரைட்' (எழுது) பட்டனை அழுத்துவதற்கு முன்பே பாதித் தவறுகள் முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு, பழைய இசியு ஏன் செத்தது என்று பார்க்காமல் வேறொன்றை வாங்குவது. இந்தக் காரில் இசியு இருப்பது வைப்பருக்குக் கீழே, பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் உள்ள தொட்டி போன்ற இடத்தில். கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் அங்கே இறங்கி, அடியில் உள்ள வடிகால் ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ நிறுத்தும் வண்டியில் அந்த ஓட்டை இலைச் சருகாலும் மண்ணாலும் அடைந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் விடாமல் பெய்தால் போதும், தொட்டி நிரம்பி இசியு பெட்டி மூழ்கிவிடும். மூடியைக் கழற்றி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். சரசரவென்று வண்டிக்கு அடியில் கொட்ட வேண்டும். தேங்கி நின்றால் இதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. இல்லையென்றால் வாங்கிப் போடும் இரண்டாவதும் அடுத்த மழையில் போகும். வயரிங் பக்கத்துச் சாக்கெட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்த முனை ஒன்று இருந்தாலும் புது இசியு-வுக்கு மேல் பழி விழும்.

வாங்கும்போது எண் முக்கியம். 06ஏ 906 032 என்று தொடங்கி, இறுதியில் ஓரிரு எழுத்துகள் வரும். "நம்பர் ஒண்ணுதான் சார், கடைசி எழுத்து எல்லாம் சும்மா" என்பார் கடைக்காரர். அந்த எழுத்துகளில்தான் லாம்டா (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும்) சென்சார் வகை, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) தலைமுறை, கியர்பாக்ஸ் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. அதோடு 0 261 எனத் தொடங்கும் போஷ் எண்ணும் பொருந்தினால் எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. பில் கேளுங்கள். பில் தராத இசியு எந்த வண்டியிலிருந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளின் பாகங்கள் பழைய சாமான் சந்தையில் கலந்தே கிடக்கின்றன. 81 முனையும் 40 முனையுமாக உள்ள இரண்டு சாக்கெட்டுகளுக்குள் டார்ச் அடியுங்கள். முனைகளின் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி, ஸ்டிக்கர் ஓரத்தில் மெல்லிய வண்டல் கோடு, ஊறி உப்பிய லேபிள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியின் இசியு வெள்ளத்தையே பார்த்திராவிட்டாலும் உப்புக் காற்றில் அதே கதிக்கு வந்திருக்கலாம்.

நனைந்த இசியு-வை அரிசிப் பானையில் புதைத்து வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. நெல் விளையும் ஊர் என்பதற்காக அரிசிக்கு அந்தச் சக்தி வந்துவிடாது. ஈரம் போனாலும் உப்பும் வண்டலும் போர்டிலேயே தங்கி, மின்சாரம் பாய்ந்ததும் சிப்புகளின் கால்களை அரிக்கத் தொடங்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும்தான் வழி. பெட்ரோல், தின்னர் வேண்டாம்.

பெட்டியைத் திறப்பது, மூடுவது

மூடி சிலிக்கானால் ஒட்டப்பட்டிருக்கும். ஹாட் ஏர் கன்னால் விளிம்பைச் சுற்றிச் சூடாக்கி, மெல்லிய பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். பெரிய ஸ்க்ரூடிரைவரை ஆழமாக விட்டால் விளிம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பொடிப் பாகங்கள் பெயர்ந்துவிடும்.

மூடும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் டியூப்பை முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி மூக்கில் ஏறும். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்பை அரிக்கும். 'நியூட்ரல் கியூர்' என்று அச்சிட்ட டியூப்பை வாங்கி, இடைவெளி இல்லாமல் ஒரே கோடாக இழுத்து, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். சிலிக்கான் போடாமல் திருகை மட்டும் முடுக்கிப் பொருத்தினால் நம் ஊர்க் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.

கரண்ட்

பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்து வோல்டேஜ் எப்படி ஆடும் என்று சொல்லத் தேவையில்லை. ஃப்ளாஷ் (புரோகிராம் இருக்கும் நினைவகச் சிப்) எழுதும் நடுவில் மின்சாரம் போனால் இசியு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். அதன்பின் ஓபிடி (வண்டியில் ஸ்கேனர் செருகும் சாக்கெட்) வழியாகப் பேசாது. பெட்டியைத் திறந்துதான் மீட்க வேண்டும். டிராக்டர் பேட்டரி ஏற்றும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை நேராக இசியு-வுக்குக் கொடுப்பது அதைவிட மோசம். அதில் வடிகட்டும் கெப்பாசிட்டர் கிடையாது. மீட்டர் 13 வோல்ட் காட்டினாலும் உச்சம் 18-ஐத் தாண்டும்.

நல்ல பவர் சப்ளை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது: இன்வெர்ட்டரின் 12 வோல்ட் பேட்டரி. இன்வெர்ட்டரை நிறுத்தி, சார்ஜிங் ஓடாத நிலையில், 12.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறதா என்று அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் வயரில் 3 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். அந்தப் பேட்டரியில் ஷார்ட் ஆனால் வயர் நொடியில் சிவந்துவிடும். லேப்டாப் தன் சொந்தப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுருசுருவென்று வருமே, அந்தக் கசிவு கேபிள் வழியாக இசியு-வுக்கும் போகும்.

மேசையில் இணைப்பது இப்படி: இசியு-வின் முனை எண் 1, 2 இரண்டும் கிரவுண்ட், 3, 21, 62 மூன்றும் பிளஸ், 43 கே-லைன் (தகவல் போகும் வயர்). ஓபிடி சாக்கெட்டில் 16 பிளஸ், 4-ம் 5-ம் கிரவுண்ட், 7 கே-லைன். கேபிளில் அசல் எஃப்டிடிஐ நிறுவனச் சிப் இருக்கட்டும். மலிவான சிப் கேபிளில் படிப்பது நன்றாகவே நடக்கும், எழுதும்போதுதான் நேரக் கணக்கு தவறிப் பாதியில் நிற்கும்.

24-ஆம் கால்

ஓபிடி வழியாகப் பேசாத எம்இ 7.5 (இந்தக் காரில் உள்ள போஷ் வகை) இசியு-வைப் பூட் மோடில் (உள்ளே உள்ள புரோகிராம் ஓடாமல் வெளியிலிருந்து கட்டளை ஏற்கும் நிலை) எழுப்ப, 29எஃப்800 ஃப்ளாஷ் சிப்பின் 24-ஆம் காலை கிரவுண்டில் தொட்டுக்கொண்டே பவர் கொடுக்க வேண்டும். இந்தச் சிப்புக்குப் பக்கத்துக்கு 22 வீதம் 44 கால்கள். புள்ளி இட்ட முனையை இடது மேல் மூலையில் வைத்தால் முதல் கால் அங்கே. எண்ணிக்கை இடப்பக்கம் கீழே இறங்கி, வலப்பக்கம் மேலே ஏறும். ஆக 24 என்பது வலப்பக்கத்தில் கீழிருந்து இரண்டாவது. அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் 23-ஆம் கால் சிப்பின் 5 வோல்ட் சப்ளை. ஊசி ஒரு முடி அளவு வழுக்கினாலும் சப்ளையே ஷார்ட். பூதக்கண்ணாடி இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

பவர் வந்து மூன்று, நான்கு விநாடியில் ஊசியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறப்பது பலரும் செய்வது. 24-ஆம் கால் ஒரு டேட்டா லைன். ப்ராசஸர் ரீசெட் ஆகும் நொடியில் அது தாழ்ந்திருந்தால் பூட் மோடுக்குப் போகும், அவ்வளவுதான் அதன் வேலை. அதற்குப் பிறகும் கிரவுண்டிலேயே வைத்திருந்தால் படிக்கும் ஃபைல் முழுக்க ஒன்றுவிட்டு ஒரு பைட்டில் அந்த ஒரு பிட் பூஜ்யமாகவே வரும். பார்க்க முழு ஃபைல் மாதிரியே இருக்கும், உள்ளே எல்லாம் தப்பு.

அதனால்தான் ஒருமுறை படித்ததை நம்பக்கூடாது. ஃப்ளாஷை இரண்டு முறை, நடுவில் பவரை நிறுத்திவிட்டுப் படியுங்கள். இரண்டு ஃபைலும் சரியாக 10,48,576 பைட் இருக்க வேண்டும், ஒப்பிட்டால் ஒரு பைட்கூட மாறக்கூடாது. அடுத்து 95040 என்ற எட்டுக்கால் சிப், 512 பைட்தான். சின்ன ஃபைல் என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். வண்டியின் அடையாளமும் இம்மொபிலைசர் விவரமும் அதில்தான் இருக்கின்றன.

பழைய இசியு-வைப் படிக்க முடிந்தால், அதே எண் கொண்ட மாற்று இசியு-வுக்கு இரண்டு ஃபைலையும் அப்படியே நகல் எடுப்பதுதான் சிக்கல் இல்லாத வழி. ஃப்ளாஷ் மட்டும் போட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் நின்றுவிடும். ஸ்கேனரில் 17978 வரும். பெட்ரோல் பம்ப்பைக் கழற்றாதீர்கள், அது இம்மொபிலைசர் பூட்டு.

பழையது படிக்கவே முடியாத நிலையில் இருந்தால் விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளுக்கான ஸ்கேனர் மென்பொருள்) மூலம் பொருத்த வேண்டும். 01 இன்ஜின், லாகின் 11-இல் மாற்று இசியு-வின் பழைய வண்டிக்குரிய பின்கோடு (இம்மொபிலைசரின் ரகசிய எண்), பிறகு அடாப்டேஷன் 10, சேனல் 50-இல் உங்கள் வண்டியின் பின்கோடு. நான்கு இலக்கக் கோடுக்கு முன்னால் பூஜ்யம் சேர்க்க மறக்காதீர்கள். குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தால் இசியு பூட்டிக்கொள்ளும். பூட்டு விலகக் காத்திருக்கும்போது இக்னிஷனும் ஆனிலேயே இருக்க வேண்டும், ஆஃப் செய்துவிட்டு டீ குடிக்கப் போனால் அந்த நேரம் கணக்கில் சேராது.

பவர் கூட்டும் ஆசை

ஐரோப்பாவில் ஆர்எஸ் 180 குதிரைத்திறனுடன் விற்றது. இந்தியாவுக்கு வந்தது 150. அந்த 180 ஃபைலை இறக்கி இதில் ஏற்றினால் 30 குதிரை இலவசம் என்று நினைப்பது தவறு. இன்ஜின் கோடு வேறு. டர்போவும் இன்ஜெக்டரும் ஒன்றுதான் என்று நம்பவும் முடியாது. மாற்றிய ஃபைலுக்குச் செக்சம் (ஃபைலைச் சரிபார்க்கும் எண்) திருத்தாமல் எழுதினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். எம்இ7செக் மாதிரியான கருவியில் போட்டு, பிழை பூஜ்யம் என்று வந்த பிறகே எழுதுங்கள்.

எழுதிய பின் எரிபொருள் டிரிம்மை (இசியு தானாகச் செய்யும் எரிபொருள் திருத்தம்) அளவீட்டு பிளாக் 032-இல் பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று-எரிபொருள் விகிதம் 14.7 அல்ல, ஏறத்தாழ 13.5. அதனால் டிரிம் 7, 8 சதவீதம் பிளஸ்ஸில் நிற்பது இயல்பு. ஏர்ஃப்ளோ மீட்டரை மாற்றச் சொல்பவரிடம் இதைக் காட்டுங்கள்.

இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் பேசிக் செட்டிங் 04, குரூப் 060-இல் த்ராட்டிலை அடாப்ட் செய்யுங்கள். செய்யாவிட்டால் ஐடிலிங் ஏறி இறங்கும். பிறகு பிளாக் 020-ஐ ரெக்கார்டில் போட்டு, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மூன்றாவது கியரில் ஒரு முழு இழுப்பு. நான்கு சிலிண்டருக்கும் நாக் (இன்ஜின் தட்டல்) காரணமாக இக்னிஷன் பின்வாங்கிய டிகிரி வரும். இரண்டு, மூன்று என்றால் பரவாயில்லை. ஆறைத் தாண்டினால் டர்போ பூஸ்ட்டைக் குறைத்து எழுதுங்கள். மார்கழிக் காலையில் எடுத்த ரீடிங்கை வைத்து முடிவு செய்யாமல், சித்திரை மதியம் இரண்டு மணிக்கு அதே சாலையில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.